அவர்கள் விடுமுறைக்குப் போகும் தீவு, நாம் கூலிக்குப் போன தீவு

1

குவாதலூப் என்று ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ யாரிடமாவது சொன்னால் ‘அது எந்தப் பக்கத்து ஊரு?’ என்று கேட்பார்கள். ஐரோப்பாவிலேயே பிரெஞ்சுக்காரர்களை விட்டால் மற்றவர்களுக்கு அது அவ்வளவாகப் பழகாத பெயர்தான். கரீபியன் கடல் என்றதும் ஜமைக்கா, பார்படோஸ் என்று போகிற வெள்ளைக்காரர்களைத் தன் பக்கம் இழுக்க, குவாதலூப்பின் சுற்றுலா வியாபாரம் காரணங்களை அடுக்கிக் காட்டுகிறது.

முதல் காரணம் சுலபம். பாரிசில் விமானம் ஏறினால் எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, இறங்கிவிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகன் என்றால் பாஸ்போர்ட்கூட வேண்டாம், அடையாள அட்டை போதும். யூரோ செல்லும், பிரெஞ்சு செல்லும். இரண்டாவது காரணம் பருவம். அங்கே பனியும் குளிருமாக இருக்கும் டிசம்பரில் இங்கே மழை விட்டு வெயில் காலம் தொடங்கும். மூன்றாவது, பசுமை. வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த மாதிரி இரண்டு நிலம், ஒரு பக்கம் 1,467 மீட்டர் உயர எரிமலை, இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டின வரைக்கும் கரும்பு, அந்தக் கரும்பில் காய்ச்சிய ரம். நான்காவது, பல நிறத்துப் பண்பாடு. ‘கொலம்போ’ என்கிற மசாலாக் குழம்பு, ‘மெட்ராஸ்’ என்கிற கட்டம் போட்ட துணி, கோபுரத்தில் சாயம் பூசிய சாமிகள் நிற்கும் ஒரு ‘இந்துக் கோயில்’. ஐந்தாவது, கடலும் அருவியும்.

நான்காவது காரணத்தை இன்னொரு தரம் படியுங்கள். கொழும்பு, மெட்ராஸ், மாரியம்மன். பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரனுக்குக் காட்டும் வேடிக்கைப் பொருளாக நம்ம ஊர் அடுப்பும் தறியும் சாமியும் எப்படிப் போய்ச் சேர்ந்தன? காசு கொடுத்துக் கப்பலேறிப் போய் வைத்துவிட்டு வந்தோமா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பதற்கு நமக்கு இரண்டு வகையில் உரிமை உண்டு. கடல் கடந்த கூலிகளை அள்ளிக் கொடுத்த மாவட்டங்களில் பழைய வடஆற்காடு ஒன்று. இன்னொன்று, அந்த ஐரோப்பியன் விடுமுறையில் போட்டு நடக்கும் செருப்புக்கும் ஷூவுக்கும் தோலைப் பதனிட்டு அனுப்புவதும் இதே வட்டாரம்தான். அவன் போகும் இடத்திலும் நாம் இருக்கிறோம், அவன் காலிலும் நாம் இருக்கிறோம். அவன் படிக்கும் சுற்றுலாக் கையேட்டில் மட்டும் நாம் மசாலாவாகவும் கோபுரமாகவும் இருக்கிறோம். ஆகவே அந்தக் கையேட்டை நம்ம பக்கமிருந்து படித்துப் பார்ப்போம்.

2

‘பாஸ்போர்ட் வேண்டாம்’ என்பதிலிருந்து தொடங்கலாம். 1493இல் கொலம்பஸ் அந்தத் தீவுக்குப் பெயர் வைத்தான். 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். பூர்வகுடிகளான கரிப் மக்களை அழித்தும் விரட்டியும் நிலத்தைக் காலியாக்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கறுப்பின மக்களைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து கரும்பு போட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சி 1794இல் அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தான். திரும்ப அடிமையாவதைவிடச் சாவதே மேல் என்று லூயி தெல்கிரேசும் அவருடைய தோழர்களும் மத்துபா என்ற இடத்தில் வெடிமருந்துக்குத் தீ வைத்துக்கொண்டு செத்தார்கள். 1848இல்தான் அடிமை முறை மறுபடி ஒழிந்தது. அப்போது இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? இரண்டு நூற்றாண்டு உழைத்தவனுக்கு ஒரு காசு கிடையாது. அவனை ‘வைத்திருந்தவனுக்கு’, சொத்து போய்விட்டதே என்று, பணம் கொடுத்தது பிரெஞ்சு அரசு.

1946இல் அந்தத் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆக்கப்பட்டது. அதனால்தான் இன்றைக்கு யூரோ, அதனால்தான் அடையாள அட்டை. சுற்றுலாக்காரன் சொல்லும் சுலபம் காலனியாதிக்கம் போட்டு வைத்த பாதை.

3

பருவத்துக்கு வருவோம். டிசம்பர் கடைசி, கிறிஸ்துமஸ் சமயம், விமானங்கள் நிறைந்து வழியும் காலம். 1854இல் அதே டிசம்பர் கடைசியில்தான் ‘ஒரேலி’ என்கிற கப்பல் நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு குவாதலூப்பின் புவேந்த்-ஆ-பித்ர் துறைமுகத்துக்கு வந்தது. அதற்கு முந்தின வருஷம், 1853இல், அதே கப்பல் பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் ஆட்களை இறக்கியிருந்தது.

விடுதலையான கறுப்பின மக்கள் பழைய எஜமானின் தோட்டத்தில் அவன் சொன்ன கூலிக்குக் குனிய மறுத்தார்கள். கூலியை உயர்த்துவதற்குப் பதில் வேறு குனியும் முதுகுகளைத் தேடினான் தோட்டக்காரன். பாண்டிச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தன. ஆனால் அங்கே ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தமிழ் மாவட்டங்களின் சேரிகளிலும் ஊர்களிலும் மேஸ்திரிகள் பிடித்துவந்த ஆட்கள். 1861இல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஒப்பந்தமே போட்டுக்கொண்டன. 1854 முதல் 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல்; மார்த்தினிக்குக்கு இன்னுமொரு 25,000 பேர்.

யார் அவர்கள்? எல்லாச் சாதியிலும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பெரும்பங்கு பறையர் உள்ளிட்ட தீண்டப்படாதவர்களும், அவர்களை ஒட்டி வாழ்ந்த உழைக்கும் சாதியினரும். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் மிரட்டியது யாரை? போவதற்கு ஒரு சாதிப் பெருமை வைத்திருந்தவனை. நம்ம பாட்டனுக்குப் போனால் போகட்டும் என்று நினைக்க அதில் என்ன இருந்தது? 1843இல் சட்டத்தில் அடிமை முறை ஒழிந்தது என்று எழுதினார்கள். படியாளும் பண்ணையாளும் அப்படியேதான் கிடந்தார்கள். பறையர்களுக்குத் துண்டு நிலம்கூட கிடைக்கவிடாமல் மிராசுதாரர்கள் மறித்ததைச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதியது 1891இல்தான். அதற்குள் ஒரு தலைமுறையே கப்பலேறிவிட்டது. பொய் சொல்லி ஏற்றினார்கள் என்பது உண்மை. தப்பித்தால் போதும் என்று ஏறினார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது நம் வரலாறு.

4

இந்த இடத்தில் வடஆற்காட்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. அடுத்து அது ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. பாலாற்று ஊற்றுத் தண்ணீர், காடு மேடெல்லாம் கிடந்த ஆவாரம்பட்டை, தோலைத் தொடத் தீட்டென்று ஒதுங்கியவர்களுக்கு நடுவில் தொட்டே ஆகவேண்டியிருந்த நம் கைகள் எல்லாம் ஒன்று சேர்ந்தன. அரைப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பேரில் லண்டன் சந்தைக்குப் போனது.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் செத்தவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். வடஆற்காடு அதில் அடிபட்ட மாவட்டம். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் அளந்து கொடுத்தான். மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தோல் ஏற்றுமதி ஏறியது. மனுசனும் கூட்டம் கூட்டமாகத் துறைமுகத்துக்கு நடந்தான். ஆள் ஏற்றுமதியும் ஏறியது. மாட்டின் தோல் ஒரு கப்பலில், மனுசனின் தோல் இன்னொரு கப்பலில். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன கப்பல்களின் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ‘வடஆற்காடு’ என்று எழுதியிருக்கிறது. பிரெஞ்சுத் தீவுகளுக்கு ஆள் சேர்த்தவர்களும் இதே பஞ்சத்தில்தான் வலை வீசினார்கள்.

தோல் வட்டாரத்தின் வரலாறு என்று எழுதும்போது எத்தனை தொழிற்கூடம், எத்தனை கோடி ஏற்றுமதி என்று எழுதுகிறார்கள். அதே ரயிலில் அதே வருஷங்களில் போன மனுசர்களின் கணக்கையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

5

இப்போது கரும்பும் ரம்மும். சுற்றுலா வருகிறவனைக் காய்ச்சும் ஆலைக்குக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டி, சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் நம் ஆட்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆணுக்கு மாதம் பன்னிரண்டரை பிராங்க், பெண்ணுக்குப் பத்து. இருபத்தாறு நாள் வேலை பார்த்தால்தான் ஒரு மாதம். காய்ச்சலில் படுத்த நாள் கணக்கில் வராது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் ‘ஊர் சுற்றி’ என்று பிடித்து அடைப்பார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பலாம் என்று எழுதியிருந்தது. திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. மீதிப் பேரில் பலர் ஒப்பந்தம் முடிவதற்குள்ளேயே மண்ணுக்குள் போனார்கள். நடக்கும் கொடுமை பொறுக்க முடியாத அளவுக்குப் போனதும் 1888இல் பிரிட்டிஷ் அரசே இந்த ஆள் ஏற்றுமதியை நிறுத்தியது. கருணை என்று நாம் நன்றி சொல்லிவிடக் கூடாது. தன் சொந்தத் தோட்டத் தீவுகளுக்கு அது 1917 வரைக்கும் ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். கறுப்பினத் தோழர்களின் கூலியை உடைப்பதற்காகத்தான் நம் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். அதனால் ‘கூலி’ என்ற சொல் அந்தத் தீவின் கிரெயோல் மொழியில் வசவாக ஆனது. இந்தக் கையால் அந்தக் கையை முறிக்கும் வித்தை நமக்குப் புதிதா? ஒரு சேரியை இன்னொரு சேரிக்கு எதிராக நிறுத்தும் ஊரில்தானே இருக்கிறோம். ஆனால் கரும்புக் காட்டில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் வெட்டினவர்கள் எத்தனை நாளைக்கு எதிரியாக இருப்பார்கள்? கல்யாணம் கலந்தது, மொழி கலந்தது, சங்கம் கலந்தது. 2009இல் விலைவாசிக்கும் சுரண்டலுக்கும் எதிராக அந்தத் தீவே 44 நாள் முடங்கிய பொது வேலைநிறுத்தத்தில் கறுப்பு, இந்தியன் என்று பிரித்துப் பார்த்து யாரும் கடையை மூடவில்லை. அந்த 44 நாளும் சுற்றுலாக்காரன் ஓட்டல் அறையை ரத்து செய்துகொண்டிருந்தான்.

ஓட்டுரிமைக்கும் போராட வேண்டியிருந்தது. அங்கேயே பிறந்த இந்தியப் பிள்ளைகளையும் பிரெஞ்சுக் குடிகளாக ஏற்க மறுத்தார்கள். கபெஸ்தேர் ஊரில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கி விடாமல் வழக்காடினார். 1923இல்தான் உரிமை கிடைத்தது. பத்தொன்பது வருஷம். நம் மாணவர்கள் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

6

‘இந்துக் கோயில்’ என்று கையேடு காட்டும் இடம் அதே கபெஸ்தேர் பக்கத்தில் ஷாங்கி என்ற இடத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது மாரியம்மன். தீவுக்காரர்கள் வாயில் அது ‘மாலியேமின்’. கூடவே ‘மால்தெவிலின்’ என்று ஒரு சாமி இந்தத் தீவுகளில் உண்டு. சொல்லிப் பாருங்கள், நம்ம மதுரைவீரன். காசிராஜன் மகன் என்று பின்னால் ஒட்டவைத்த கதையை ஒதுக்கினால் வீரன் யார்? சக்கிலியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. தோல் தைத்தவர் பிள்ளை. மேல்சாதிப் பெண்ணைத் தொட்டதற்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கூலிகள் பெருமாளையும் பிள்ளையாரையும் முதலில் சுமந்துகொண்டு போகவில்லை. அம்மை போட்டால் காப்பவளையும், வெட்டுப்பட்டுச் செத்த தங்கள் ஆளையும் சுமந்துகொண்டு போனார்கள். கடல் தாண்டக் காத்த நாகூர் ஆண்டவரும் ‘நாகூர்மீரா’ என்ற பெயரில் கொடிமரத்தோடு அதே சாமிகள் வரிசையில் நிற்கிறார். இந்து முஸ்லிம் என்று கோடு கிழிப்பவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பூசை செய்பவன் ‘பூசாரி’. பிராமணன் இல்லை. ஆடு வெட்டுகிறார்கள், கள்ளுக்குப் பதில் ரம் வைக்கிறார்கள். அடிக்கும் மேளத்துக்குப் பெயர் ‘தப்பூ’. ஆமாம், தப்பு. நம்ம பறை. ஆட்டுத் தோலை வளையத்தில் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி அடிக்கிறார்கள். ‘நாத்ரோன்’ என்று ராத்திரி முழுக்க ஆடுகிறார்களே, அது நாடகம், நம்ம தெருக்கூத்தின் ஒரு துண்டு. இங்கே சாவுக்கு அடி என்று சாதி கட்டி வைத்த தோல் கருவியை அங்கே சாமிக்கு முன்னால் தலைநிமிர்ந்து அடிக்கிறார்கள். யாரும் அவர்களைப் பார்த்து ‘நீ என்ன ஆளு’ என்று கேட்பதில்லை, சாதியின் கட்டு அங்கே தளர்ந்துபோனது. கொடுமையான பயணம் கொடுத்த ஒரே நல்லது அதுதான்.

அதற்கும் ஆபத்து வந்திருக்கிறது. ஆடு வெட்டாத ‘சுத்தமான’ இந்து சமயம் வேண்டும் என்ற குரல்கள் அங்கேயும் கிளம்புகின்றன. இங்கே 2003இல் ஆடு கோழி பலியிடத் தடை என்று அரசு மிரட்டியதும், எதிர்ப்பு கிளம்பி 2004இல் அந்தச் சட்டத்தையே நீக்கியதும் நமக்குத் தெரியும். அங்கே இருக்கிற நம் சொந்தங்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

7

கடைசிக் காரணம் கடலும் அருவியும். 1972இல் தொடங்கி வாழைத் தோட்டங்களில் ‘குளோர்தெகோன்’ என்கிற பூச்சிமருந்தைக் கொட்டினார்கள். அமெரிக்காவில் அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் விஷமேறி விழுந்ததும் 1975இலேயே அந்த ஆலையை மூடிவிட்டார்கள். மார்த்தினிக் வாழைத் தொழிலாளர்கள் அதற்கும் முன்னால், 1974 பிப்ரவரி வேலைநிறுத்தத்திலேயே, இந்த மருந்தை நிறுத்து என்று கோரிக்கை வைத்தார்கள். பதிலாகத் துப்பாக்கி வந்தது. பிரான்ஸ் 1990இல் மருந்தைத் தடை செய்தது. இந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து 1993 வரைக்கும் அடித்தார்கள். இரு தீவுகளிலும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அந்த விஷம் இருக்கிறது. மண்ணை விட்டு அது போக நூற்றாண்டுகள் ஆகும். அதிகம் பாழான பகுதிகளில் ஒன்று அந்த மாரியம்மன் கோயில் இருக்கும் கபெஸ்தேர் பக்கம்தான். அங்கே கடற்கரையை ஒட்டி மீன் பிடிக்கவே தடை இருக்கிறது. 2023 ஜனவரியில் பாரிஸ் நீதிபதிகள் இது பெரும் கேடு என்று ஒத்துக்கொண்டு, குற்றவாளி என்று யாரையும் நிறுத்த வழியில்லை என வழக்கை மூடினார்கள். மழை கொட்டும் அந்தத் தீவில் ஓட்டைக் குழாய்களால் பல ஊர்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள்.

பாலாற்றங்கரையில் இருப்பவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? ஆவாரம்பட்டை போய்க் குரோமியம் வந்தது. ஐரோப்பா தன் வீட்டில் செய்ய விரும்பாத அழுக்கு வேலையை இங்கே தள்ளிவிட்டுப் பளபளப்பை மட்டும் வாங்கிக்கொண்டது. 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக வந்த கணக்கைப் பதிவு செய்தது. ‘கெடுத்தவனே கொடுக்க வேண்டும்’ என்றது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து தூக்கத்திலேயே 10 தொழிலாளர்கள் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்துகொண்டே இருக்கிறது, ஆறுதான் வரவில்லை.

கரும்பு, வாழை, தோல். பொருள் மாறுகிறது, வாங்குகிறவன் அதே ஆள். விஷம் தங்கும் இடம் உழைத்தவன் வீட்டுக் கிணறு.

8

யாரும் விடுமுறைக்குப் போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். ஏலகிரி மலை அடிவாரத்தில் இருந்துகொண்டே ஒரு நாள் மேலே போய் உட்கார்ந்துவிட்டு வர முடியாத தோல் தொழிலாளிக்கும் அது வேண்டும். நாம் கேட்பது வேறு. சேன்-பிரான்சுவா என்கிற ஊர் குவாதலூப்பின் பெரிய சுற்றுலா ஊர். கோல்ஃப் மைதானமும் கடற்கரையுமாக இருக்கும். 1989 முதல் 2008 வரை அதன் மேயராக இருந்தவர் எர்னஸ்ட் முத்துசாமி. பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர், எழுத்தாளர், கரும்புக் காட்டுக் கூலிகளின் வழித்தோன்றல். அவருடைய எழுத்தில் அந்தக் காடு இருக்கிறது. கையேட்டில் இல்லை. அதை அங்கேயும் எழுத வைக்க வேண்டும்.

எழுத வைப்பதற்கு முன்னால் நாம் எழுத வேண்டும். கூலிகளின் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் பதிவேடுகளில் இருக்கின்றன. குவாதலூப்பின் ஆவணக் காப்பகத்தில் உண்டு, பிரான்சில் எக்ஸ் நகரத்துக் காலனி ஆவணக் காப்பகத்தில் உண்டு, நம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் குடிபெயர்வுக் கோப்புகள் உண்டு. ராசேந்திரன் கப்பல் விட்ட கடாரத்தைப் பற்றி எத்தனை ஆய்வேடு! சேரியிலிருந்து கப்பலேறினவனைப் பற்றி எத்தனை? தமிழ் எம்.ஏ. படிக்கும் தோழர்கள் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சேரியில் ‘அக்கரைக்குப் போனவன், திரும்பி வரல’ என்று ஏதாவது ஒரு வீட்டில் பேச்சு இருக்கும். அந்தப் பெயரை எழுதி வையுங்கள். வருஷம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பஞ்சத்தில், எந்தத் துறைமுகம் வழியாக என்று கேட்டு எழுதுங்கள். பதிவேட்டில் அந்தப் பெயர் பிரெஞ்சு எழுத்தில் சிதைந்து கிடக்கும். தமிழ்க் காதுள்ளவன் வாய்விட்டுப் படித்தால்தான் அது யாரென்று தெரியும்.